நீர்ச்சுழி மண்டலத்தின் படமும் ஆசிரியர் கடமையும்

வானநூற் பாடம் நடக்கும் வகுப்பறைச் சுவர்களிலும், பாடப் புத்தகங்களிலும், கிராமந்தோறும் செல்லும் விஞ்ஞானக் கண்காட்சி வண்டிகளிலும் ஒரு படம் பெரும்பாலும் இடம்பெறுகிறது. கரிய பின்னணியில் பொன்னிறமான ஓர் ஒளித்திரள். அதனின்று கிளம்பி வெளிநோக்கி விரியும் நீலநிறக் கரங்கள் இரண்டு. அக்கரங்களின் ஓரமாகக் கோத்து வைத்தாற்போன்ற சிவந்த முத்துக்கள். ஒரு கரத்தின் நுனியில் தொங்குவதுபோலத் தோன்றும் சிறியதோர் ஒளியுருண்டை. 'நீர்ச்சுழி மண்டலம்' என வழங்கப்பெறும் சுருள் வடிவ நட்சத்திர மண்டலத்தின் படம் அது. அதைக் கண்டு வியவாத மாணவன் இல்லை. அவ்வியப்பு கல்விக்கு நல்ல தொடக்கம் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும், அப்படத்தை இன்று காட்டும் முறையில் ஒரு குறை இருக்கிறது. அதனைக் களைவது ஆசிரியர்க்கும் கள ஊழியர்க்கும் எளிது. களையாது விடுவதால் விளையும் தீங்கோ சிறிதன்று.

குறை யாதெனில், படம் எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சொல்லாமலே அதனைக் காட்டுவதுதான். இதன் விளைவைத் தொலைநோக்கி வைத்து வானங்காட்டும் இரவுகளில் நேரிற் காணலாம். நெடுநேரம் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஆவலோடு கண்ணை வைத்துப் பார்க்கும் சிறுவன், நீலக் கரங்களையும் சிவந்த முத்துக்களையும் தேடுகிறான். அவன் காண்பதோ அடுத்தடுத்துள்ள இரண்டு மங்கிய புகைத்திட்டுகள். நிறமும் இல்லை, சுருளும் இல்லை. 'இவ்வளவுதானா?' என்று அவன் கேட்கிறான். சிலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால், தாம் ஏமாற்றப்பட்டோம் என்னும் எண்ணத்தோடு வீடு திரும்புகிறார்கள். பிழை தொலைநோக்கியில் இல்லை, சிறுவனிடத்தும் இல்லை. படத்தை முதலிற் காட்டியவர் சொல்லாது விட்டதே பிழை.

நீர்ச்சுழி மண்டலத்தின் வரலாறே இதற்கு நல்ல பாடமாகும். சப்தரிஷி நட்சத்திரங்கள் ஏழனுள் வால்நுனியில் உள்ளது மரீசி. அதிலிருந்து ஏறத்தாழ மூன்றரைப் பாகை, அதாவது முழுநிலாவின் அகலத்தைப்போல் ஏழு மடங்கு தள்ளி, இம்மண்டலம் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் அண்டை அயல்போலத் தோன்றினாலும், மரீசியின் தொலைவு ஏறத்தாழ 104 ஒளியாண்டு. நீர்ச்சுழியின் தொலைவு ஏறத்தாழ 3 கோடி ஒளியாண்டு. பிரெஞ்சு வானநூலார் சார்ல் மெசியே 1773-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இதனைக் கண்டு, வால்மீன் என்று மயங்கக்கூடிய மங்கலான பொருள்களின் பட்டியலில் 51-ஆவதாகச் சேர்த்தார். அவருக்கு அது நட்சத்திரமற்ற ஒரு புகைப்படலமாகவே தோன்றியது. அயர்லாந்தில் பர் என்னும் ஊரில் ராஸ் பிரபு 72 அங்குல விட்டமுள்ள ஆடியைக் கொண்டு ஒரு மாபெருந் தொலைநோக்கி அமைத்தார். 1845-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அதன் வழியே பார்த்தபோதுதான் அப்புகைப்படலத்தில் சுருள் வடிவம் இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. அவர் கண்டதைக் கையால் வரைந்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் கேம்பிரிட்ஜ் நகரில் கூடிய விஞ்ஞானிகள் அச்சித்திரத்தைப் பார்வையிட்டனர்.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மெசியே கண்டதும் ராஸ் பிரபு கண்டதும் ஒரே பொருள். இடையே மாறியது கருவியே. சிறு தொலைநோக்கியில் புகைத்திட்டைக் கண்டு ஏமாந்த சிறுவன், 1773-இல் மெசியே கண்டதைத்தான் கண்டிருக்கிறான். அதனை அவனுக்கு எடுத்துச் சொன்னால், ஏமாற்றம் நீங்கிப் பெருமிதம் பிறக்கும். சொல்லாவிடில், அவன் ஒன்றும் காணவில்லை என்றே எண்ணிக்கொள்வான்.

அடுத்து, வண்ணப்படத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். மங்கிய ஒளியில் மனிதக் கண் நிறத்தைப் பிரித்தறிய இயலாது. கருக்கிருட்டில் சிவப்புத் துணியும் பச்சைத் துணியும் ஒன்றுபோலத் தோன்றுவதை யாவரும் அறிவர். மேலும், கண் ஒளியைச் சேர்த்துவைக்க வல்லதன்று. ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் வந்து விழும் ஒளியைக் கொண்டே அது காண்கிறது. படப்பெட்டியோ மணிக்கணக்காகத் திறந்திருந்து, துளித்துளியாக வரும் ஒளியைக் குடத்தில் நீர் சேர்ப்பதுபோலச் சேர்க்கிறது. பெரிதும் பரவியுள்ள நீர்ச்சுழிப் படம் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியால் 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் எடுக்கப்பட்டு, அவ்வாண்டு ஏப்ரலில் வெளியிடப்பட்டது. அது ஒரே முறையில் எடுத்த படமன்று. நீல ஒளியை மட்டும் விடும் வடிகட்டி, பச்சையை ஒட்டிய ஒளியை விடும் வடிகட்டி, அகச்சிவப்பை ஒட்டிய ஒளியை விடும் வடிகட்டி, கனலும் ஹைட்ரஜன் வாயுவின் சிவந்த ஒளியை மட்டும் விடும் வடிகட்டி ஆகிய நான்கின் வழியே தனித்தனியாக எடுத்த கறுப்பு வெள்ளைப் பதிவுகளுக்கு நிறமூட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியது.

இவ்வாறு சொன்னவுடன், 'அப்படியானால் படம் பொய்தானே?' என்னும் வினா எழும். இவ்வினாவுக்கு விடையளிக்க அஞ்சியே பலர் பேச்செடுக்காது விடுகின்றனர் போலும். விடை தெளிவானது. படம் பொய்யன்று, மொழிபெயர்ப்பு. கண்ணால் படிக்க முடியாததைக் கண்ணுக்கேற்ற மொழியில் தருவது அது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் பொருளுண்டு. கரங்கள் நீலமாகத் தோன்றுவது, அங்கே மிகுந்த வெப்பமும் பெரும் பொருண்மையும் உடைய இளம் நட்சத்திரங்கள் செறிந்திருப்பதால். அத்தகைய நட்சத்திரங்கள் தம் எரிபொருளை விரைவிற் செலவிட்டுச் சில கோடி ஆண்டுகளுக்குள்ளேயே மாய்ந்துவிடும். ஆதலின், நீலம் காணப்படும் இடம் அண்மையில் நட்சத்திரங்கள் பிறந்த இடம் என்று கொள்ளலாம். நடுத்திரள் பொன்னிறமாயிருப்பது, அங்குள்ளவை பெரும்பாலும் முதிய நட்சத்திரங்கள் என்பதைக் காட்டும். சிவந்த முத்துக்கள், புதிதாய்ப் பிறந்த நட்சத்திரங்களின் கதிர்பட்டுக் கனலும் ஹைட்ரஜன் முகில்கள். கரங்களின் உட்புறமாக ஓடும் கரிய இழைகள், பின்னுள்ள ஒளியை மறைக்கும் தூசித் திரள்கள். நிறத்தைப் பொருளோடு சேர்த்துக் கற்பித்தால் படம் ஒரு பாடமாகும். நிறத்தை மட்டும் காட்டினால் அது சுவரொட்டியாகவே நின்றுவிடும்.

இதே மண்டலத்தை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்புக் கதிரில் எடுத்த படம் 2023-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் நீலக் கரங்களைக் காணோம். முன்னைய படத்தில் கரிய இழைகளாயிருந்த தூசியே, அதில் செம்மை ஒளிவீசும் சிலந்தி வலைபோலப் படர்ந்திருக்கிறது. ஒரு படத்தில் இருளாயிருந்தது மற்றொன்றில் ஒளியாயிற்று. இவ்விரண்டு படங்களையும் அருகருகே வைத்து, 'இவற்றுள் எது உண்மை?' என்று கேட்கும் ஆசிரியர், ஓர் அதிகாரம் முழுவதும் படித்துக் காட்டினும் உணர்த்தவியலாத ஒன்றை அரை மணி நேரத்தில் உணர்த்திவிடுவார்.

படம் சொல்லுவதைக் கற்பிப்பது எவ்வளவு இன்றியமையாததோ, படம் சொல்லாததைக் கற்பிப்பதும் அவ்வளவு இன்றியமையாததே. நீர்ச்சுழியின் படத்தைப் பார்ப்பவர் மூன்று தவறான முடிவுகளுக்கு எளிதில் வந்துவிடுவர். முதலாவது, கரங்களுக்கு இடைப்பட்ட வெளி வெறுமையானது என்பது. உண்மையில் அங்கும் நட்சத்திரங்கள் நிறைந்தே உள்ளன. பேரொளி வீசும் இளம் நட்சத்திரங்கள் கரங்களில் மிகுதியாக இருப்பதால், ஏனையவை மங்கித் தோன்றுகின்றன. இரண்டாவது, கரங்கள் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல என்றும் அதே நட்சத்திரங்களால் ஆனவை என்பது. அவ்வாறாயின், மையத்தை அடுத்துள்ளவை விரைவாகவும் வெளியேயுள்ளவை தாமதமாகவும் சுற்றி முடிப்பதால், சில சுற்றுகளுக்குள்ளேயே கரங்கள் நூற்கண்டுபோல இறுகிவிட்டிருக்க வேண்டும். 1964-ஆம் ஆண்டு லின், ஷூ என்னும் அறிஞர் இருவர் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். சாலை பழுதுபார்க்கும் இடத்தில் வண்டிகள் நெருங்குகின்றன. வந்த வண்டி கடந்து செல்கிறது, புதிய வண்டி வந்து சேர்கிறது. நெரிசல் மட்டும் அங்கேயே நிற்கிறது. அதுபோலவே, கரம் என்பது நட்சத்திரங்களும் வாயுவும் புகுந்து வெளியேறும் ஓர் அடர்த்தி அலை என்பது அவர்கள் கொள்கை. எல்லாச் சுருள் மண்டலங்களுக்கும் இஃது ஒன்றே போதுமா என்பது இன்னும் ஆராயப்படுகிறது.

மூன்றாவது, சிறிய ஒளியுருண்டை கரத்தின் நுனியில் ஒட்டியிருக்கிறது என்பது. அது தனியானதொரு துணை மண்டலம். பெரிய மண்டலத்தின் தூசி அதன் ஒளியை ஓரளவு மறைப்பதிலிருந்து, அது நமக்கு அப்பால், கரத்தின் பின்னே இருப்பது தெரிகிறது. 1972-ஆம் ஆண்டு டூம்ரே சகோதரர்கள் கணிப்பொறியைக் கொண்டு கணக்கிட்டு, இவ்விரண்டும் ஒன்றையொன்று நெருங்கிக் கடந்தபோது ஈர்ப்புவிசையால் இழுபட்டே இவ்வடிவம் உண்டாகியிருக்கலாம் எனக் காட்டினர். தட்டையான படத்தில் ஆழம் தெரிவதில்லை. ஆழத்தை அறிவு சேர்க்க வேண்டியிருக்கிறது.

படத்தை மிகையாக நம்பி வழுக்கியவர் மாணவர் மட்டுமல்லர். அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய வான் மானன் என்பவர், சில ஆண்டுகள் இடைவெளியில் எடுத்த புகைப்படத் தகடுகளை ஒப்பிட்டு, சுருள்கள் சுழலுவதைத் தாம் அளந்துவிட்டதாக 1916 முதல் எழுதிவந்தார். சில ஆண்டுகளிலேயே சுழற்சி புலப்படுமாயின், அச்சுருள்கள் வெகு தொலைவில் இருத்தல் இயலாது. இருந்தால் அவற்றின் விளிம்பு ஒளியினும் விரைவாக ஓடவேண்டிவரும். ஆகவே அவை பால்வீதிக்குள்ளேயே அடங்கியவை என்பதற்கு அவ்வளவீட்டை ஷாப்லி போன்ற பேரறிஞரும் சான்றாகக் கொண்டனர். அதே நிலையத்தில் ஹப்பிள் 1923-ஆம் ஆண்டு ஆண்ட்ரோமீடா மண்டலத்தில், ஒளி கூடியும் குறைந்தும் வரும் ஒரு வகை நட்சத்திரத்தைக் கண்டு, அதனால் தொலைவைக் கணக்கிட்டு, அது பால்வீதிக்குப் புறம்பான தனி மண்டலம் என்று நிறுவினார். 1935-இல் அவர் தகடுகளை மீண்டும் அளந்தபோது, வான் மானன் கூறிய சுழற்சி அவற்றில் காணப்படவில்லை. நேர்மையும் திறமையும் வாய்ந்த ஒருவர், படத்தில் இல்லாததைக் கண்டார். வேறொரு வழியால் சோதித்தபோதுதான் பிழை வெளிப்பட்டது. இந்நிகழ்ச்சியை மாணவரிடமிருந்து மறைக்க வேண்டுவதில்லை. விஞ்ஞானம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் முறை இதுவே.

இவ்வாறெல்லாம் விளக்கப் புகுந்தால் நேரம் போதாது, பாடத்திட்டம் முடியாது என்று ஆசிரியர் கூறுவதில் நியாயம் உண்டு. முதலில் வியப்பை ஊட்டுவோம், விளக்கம் பின்னர் வரட்டும் என்று கள ஊழியர் கூறுவதையும் புறக்கணிக்க இயலாது. ஆனால், ஒரு கிராமத்துக்குக் கண்காட்சி வண்டி ஆண்டில் ஒரு முறை வருவதே அரிது. 'பின்னர்' என்பது பெரும்பாலோர்க்கு வருவதேயில்லை. மேலும், இன்று இயந்திரமே எண்ணியபடி படம் புனைந்து தருகிறது. கைப்பேசியில் வரும் எண்ணிறந்த படங்களுள் எது எடுத்தது, எது புனைந்தது என்று தெரியாமல் மக்கள் மயங்குகின்றனர். இந்நிலையில் விளக்கமின்றி வைக்கப்படும் மெய்யான படமும் புனைந்த படங்களோடு ஒன்றாகிவிடும். 'எல்லாம் கட்டியதுதான்' என்று ஒருவன் சொல்லிவிட்டால், அவனுக்கு மறுமொழி கூறும் வன்மை மாணவனுக்கு இராது. விஞ்ஞானத்தின்பால் மக்கள் கொண்டுள்ள நம்பிக்கை இதனால் தேயும்.

ஆதலின் வேண்டப்படுவது சிறிதே. படத்தின் கீழே நான்கு செய்திகள் எழுதப்பட வேண்டும்: எந்தக் கருவியால் எந்த ஆண்டில் எடுத்தது; எந்த ஒளியில் எடுத்தது; நிறங்கள் எவற்றைக் குறிக்கின்றன; பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது. நான்கு வரிகள் போதும். படங்களை அச்சிட்டு வழங்கும் துறைகள் இதனை விதியாகவே கொள்ளலாம். அச்சிட்ட படத்தில் அவ்வரிகள் இல்லையாயின், ஆசிரியர் தாமே எழுதி ஒட்டிவிடலாம். அத்துடன் சொல்லிலும் தெளிவு வேண்டும். சப்தரிஷிகளையும் 'மண்டலம்' என்று கூறி, நீர்ச்சுழியையும் 'மண்டலம்' என்றால், ஏழு நட்சத்திரங்கள் சேர்ந்ததும் பல்லாயிரங்கோடி நட்சத்திரங்கள் சேர்ந்ததும் ஒன்றென மாணவன் கருதுவான். கேலக்ஸி எனப்படுவதற்கே 'நட்சத்திர மண்டலம்' என்னும் பெயரை வைத்துக்கொண்டு, மற்றதனை நட்சத்திரக் குழு என்று வேறுபடுத்திச் சொல்லுவது நலம்.

செலவில்லாத ஒரு பயிற்சியும் உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை, நிலவில்லாத முன்னிரவில், தலைக்கு மேலே பெரியதொரு நாற்கோணமாக நான்கு நட்சத்திரங்கள் தோன்றும். அவற்றின் இரு பக்கங்களே பூரட்டாதியும் உத்திரட்டாதியும். உத்திரட்டாதியின் வடபுற நட்சத்திரத்திலிருந்து வடகிழக்காகச் சென்றால், ஊர் விளக்குகள் குறைந்த இடத்தில், ஆண்ட்ரோமீடா மண்டலத்தைத் தொலைநோக்கியின்றியே மங்கிய ஒளித்திட்டாகக் காணலாம். அதன் தொலைவு ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டு. பாரசீக அறிஞர் அல்-சூஃபி 964-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய நூலில், இதனை ஒரு சிறு முகில் என்று குறித்திருக்கிறார். மாணவர்கள் ஒவ்வொருவரும் முதலில் தாம் கண்டதை, கண்டவாறே பென்சிலால் வரையட்டும். மறுநாள் வகுப்பில் ஆண்ட்ரோமீடாவின் புகைப்படத்தைக் காட்டி, தம் சித்திரத்தோடு ஒப்பிடச் சொல்லட்டும். கண் கண்டது நடுவிலுள்ள ஒளிமிக்க பகுதி மட்டுமே என்பதும், முழு மண்டலமும் வானில் நிலாவின் அகலத்தைப்போல் ஆறு மடங்கு நீண்டிருப்பதும் அப்போது விளங்கும். கண்ணுக்கும் கருவிக்கும் உள்ள இடைவெளியைத் தானே அளந்தறிந்த மாணவன், தொலைநோக்கியில் புகைத்திட்டைக் கண்டு ஏமாற மாட்டான்.

இப்பயிற்சி பெற்றவனுக்கே புதிய செய்திகளும் பொருள்படும். 2025-ஆம் ஆண்டு நவம்பரில், புனே நகரிலுள்ள தேசிய வானொலி வானியற்பௌதிக மையத்தைச் சேர்ந்த ராஷி ஜெயின், யோகேஷ் வதடேகர் ஆகிய இருவர், வெப் தொலைநோக்கியின் பதிவுகளில் ஒரு சுருள் மண்டலத்தைக் கண்டறிந்தது அறிவிக்கப்பட்டது. இமயத்து ஆறொன்றின் பெயரால் அதற்கு அலக்நந்தா என்று பெயரிட்டனர். பிரபஞ்சம் தோன்றி ஏறத்தாழ 150 கோடி ஆண்டுகளே ஆகியிருந்த காலத்து ஒளி அது. புறப்பட்டு வந்து சேர ஏறத்தாழ 1,200 கோடி ஆண்டுகள் ஆயின. அவ்வளவு இளம் பிரபஞ்சத்தில், ஏறத்தாழ 30,000 ஒளியாண்டு அகலமும் செவ்வையான இரு கரங்களும் உடைய சுருள் அமைந்திருந்தது ஆராய்ச்சியாளர்க்கே வியப்பாயிற்று. அக்காலத்து மண்டலங்கள் பெரும்பாலும் ஒழுங்கற்றனவாக இருக்கும் என்றே கருதப்பட்டு வந்தது. படமாகப் பார்த்தால் அலக்நந்தா மிகச் சிறியது, மங்கியது. சுவரில் மாட்டத்தக்க அழகு அதற்கில்லை. 21 வடிகட்டிகள் வரை பயன்படுத்தி அதன் ஒளியை அளந்ததாலேயே, அதன் தொலைவும், அதிலுள்ள நட்சத்திரங்களின் பொருண்மையும், அவை பிறக்கும் வேகமும் அறியப்பட்டன. வண்ணப்படத்தைக் கண்டு மட்டும் வியந்து பழகியவன் இதனைப் பார்த்து, 'இதில் என்ன இருக்கிறது?' என்று கடந்து செல்வான்.

கடந்து செல்லாது நின்று, 'இஃது எவ்வாறு தெரிந்தது?' என்று கேட்கும் ஒருவன் ஒவ்வொரு பள்ளியிலும் உருவாக வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. சுவரில் இப்போதுள்ள படத்தின் கீழே நான்கு வரிகளும், இருள் நிறைந்த ஒரு முன்னிரவும், பென்சிலும் தாளும் போதும். வரும் ஐப்பசியிலேயே இதனைத் தொடங்கலாம்.